மலைத் திராட்சை நாட்டார், மயிலைக் குடிசையார்

நம் மந்தைவெளிக்கு அடுத்த மயிலாப்பூரில் மரித்த ராபர்ட் தெ நோபிலி சுவாமியாரைத் தத்துவ போதகர் என்ற பெயரால் அறிவீர். அவருடைய குலத்தார் இத்தாலியாவில் மோந்தேபுல்சியானோ என்னும் மலையூரார். அம்மலைச் சரிவுகளில் பன்னூறு ஆண்டுகளாகத் திராட்சை பயிராகிறது. நம் வீட்டுப் பந்தியில் மோர் எப்படியோ, அங்கே திராட்சை இரசம் அப்படி.

1577-ல் உரோமையில் பிறந்த இப்பிரபு மகன் சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவா வந்து, மறு ஆண்டு மதுரை சேர்ந்தார். காவி உடுத்தினார். மாமிசம், மீன், முட்டை, மது யாவும் நீக்கி, நாளொன்றுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும் பாலும் உண்டார். மது என்றாலே முகம் சுளிப்பவர்களுக்கல்லவா அவர் வேதம் போதிக்க வந்தது!

ஆனால் பீடத்தில்? அங்கே மாற்று கிடையாது. பனங்கள் உதவாது, இளநீர் உதவாது. பூசைக்குரியது திராட்சைக் கனியின் இயற்கை இரசமாய், கலப்பற்றதாய், புளித்துக் காடியாகாததாய் இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். வெள்ளையும் செல்லும், சிவப்பும் செல்லும். பீடத் துகிலில் கறைபடாதென்று வெள்ளையை விரும்பும் குருக்கள் உண்டு. பந்தியில் துறந்ததைப் பூசையில் மாத்திரம் இச்சந்நியாசி கையிலெடுத்தார்.

அவர் கோலத்தைப் பழித்தவர்கள் சொந்தச் சபையிலேயே இருந்தார்கள். 1623-ல் பாப்பானவர் 15-ம் கிரகோரியார் தீர்ப்புச் சொல்லி, பூணூலும் குடுமியும் சந்தனமும் தடையில்லை என்றார்.

முதுமையில் பார்வை மங்கி, யாழ்ப்பாணம் சென்று, பின் மயிலையில் மண் குடிசையில் தங்கினார். தமிழ் நூல்களைத் தாம் சொல்லப் பிறர் எழுதுவார்கள். 1656 ஜனவரி 16-ல் அங்கேயே உயிர் நீத்தார்.