மாண்டலினுக்கு மாண்பளித்த மேதை: அந்தோனியோ விவால்டி

மாண்டலின் என்றவுடன் தமிழர் உள்ளத்தில் எழும் பெயர் உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) என்பதாகும். மேலைநாட்டு இசைக்கருவி ஒன்றைக் கருநாடக இசைமேடையில் ஏற்றி, ஐந்து தந்திகளில் கமகங்களைக் குழைத்துக் காட்டியவர் அவர். அக்கருவி பிறந்த இத்தாலி நாட்டிலே, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், அதனை வாத்தியக் குழுவின் நடுவே தனி நாயகமாய் அமர்த்தி அழகு பார்த்த இசைமேதை ஒருவர் வாழ்ந்தார். அவரே அந்தோனியோ விவால்டி. அவரது வாழ்வு வியப்புக்குரியது. அவர் மறைந்தபின் அவரது இசைக்கு நேர்ந்த கதையோ அதனினும் வியப்புக்குரியது.

பிறப்பும் இளமையும்

கால்வாய்களையே வீதிகளாகக் கொண்ட வெனிஸ் நகரில் 1678ஆம் ஆண்டு மார்ச் மாதம் 4ஆம் நாள் விவால்டி பிறந்தார். குழந்தை பிழைக்குமோ என்ற அச்சத்தால் மருத்துவச்சியே அன்றே வீட்டில் வைத்து அதற்கு ஞானஸ்நானம் அளித்தார். தந்தை ஜொவானி பத்திஸ்தா முதலில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பின்னர் வயலின் பயின்று, 1685இல் புகழ்பெற்ற புனித மாற்கு பேராலயத்தின் வாத்தியக் குழுவில் இடம்பெற்றார். மைந்தனுக்கு வயலின் கற்பித்த முதல் ஆசானும் அவரே.

பதினைந்தாம் வயதில் குருத்துவக் கல்வியைத் தொடங்கிய விவால்டி, 1703இல் கத்தோலிக்கக் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவரது தலைமுடி செந்நிறமாக இருந்தமையால் மக்கள் அவரைச் செம்முடிக் குருவானவர் என்று அழைக்கலாயினர். எனினும் பிறவியிலிருந்தே அவரை வருத்திய மார்பு இறுக்க நோய் காரணமாக, திருப்பலி நிறைவேற்றும் பணியை அவர் விரைவிலேயே விட நேர்ந்தது. அதன்பின் இசைப்பணியே அவரது வாழ்க்கைப் பணியாயிற்று.

பெற்றோரறியாப் பிள்ளைகளின் ஆசான்

அதே 1703ஆம் ஆண்டில் 'பியெத்தா' என்னும் அறநிலையத்தில் வயலின் ஆசிரியராக அவர் அமர்த்தப்பட்டார். 1346இல் தோன்றிய அந்நிலையம், பெற்றோரால் கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்து வந்தது. அங்கே வளர்ந்த ஆண்பிள்ளைகள் தொழில் கற்று வெளியேறுவர். பெண்பிள்ளைகளுள் இசைத்திறன் வாய்ந்தோர்க்கு உயர்தரமான இசைக்கல்வி அளிக்கப்பட்டது. கோயில் மாடத்தில், கம்பித் தட்டிகளின் பின்னால் மறைவாக நின்று அவர்கள் இசைப்பர். முகம் காணாத அவ்விசையைக் கேட்க ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பிரபுக்களும் அரசகுமாரரும் வந்து குவிந்தனர்.

அப்பெண்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அவரவர் வாசிக்கும் கருவியின் பெயரே அவர்தம் பெயரோடு சேர்த்து வழங்கப்பட்டது. அவர்களுள் தலைசிறந்தவர் 'வயலின் அன்னா மரியா'. வயலின் மட்டுமன்றி மாண்டலின் முதலிய பல கருவிகளிலும் அவர் தேர்ச்சி பெற்றிருந்தார். விவால்டி பல ஆக்கங்களை அவருக்கெனவே எழுதினார். பின்னாளில் ஆசிரியையாகவும் உயர்ந்த அம்மையார், தம் வாழ்நாள் முழுவதையும் அந்நிலையத்திலேயே கழித்து 1782இல் மறைந்தார்.

ஆசிரியப் பதவியும் நிலையானதாக இருக்கவில்லை. நிலையத்தின் நிர்வாகிகள் ஆண்டுதோறும் வாக்களித்தே ஆசிரியரை நீடிக்கச் செய்வர். 1709இல் ஒரே ஒரு வாக்கினால் விவால்டி பதவியை இழந்தார்; 1711இல் அதே நிர்வாகிகள் ஒருமனதாக அவரை மீண்டும் அழைத்தனர். பின்னர், 1723இல், திங்களுக்கு இரண்டு கான்செர்ட்டோக்கள் எழுதித் தரவேண்டும் என்று அவரோடு உடன்பாடு செய்தனர். உலகம் போற்றும் இசைச் செல்வத்தின் ஒரு பெரும்பகுதி, பிள்ளைகளின் பயிற்சிக்காகவும் அவர்கள் கோயிலில் வாசிப்பதற்காகவும் தவணை தவறாமல் எழுதப்பட்டதே என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கான்செர்ட்டோவும் மாண்டலினும்

கான்செர்ட்டோ என்பது தனிக்கருவி ஒன்றும் வாத்தியக் குழுவும் மாறி மாறி உரையாடுவது போன்று அமைந்த இசைவடிவம். பெரும்பாலும் அது விரைவு, நிதானம், விரைவு என மூன்று பகுதிகளைக் கொண்டிருக்கும். இவ்வடிவத்தில் ஏறத்தாழ ஐந்நூறு ஆக்கங்களை விவால்டி படைத்தார். 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான 'லெஸ்த்ரோ ஆர்மோனிகோ' என்னும் தொகுதி ஐரோப்பா எங்கும் பரவிற்று. ஜெர்மானிய மேதை பாக் அவற்றுட் சிலவற்றை வேறு கருவிகளுக்கு மாற்றி எழுதிக் கற்றார். 1725இல் வெளிவந்த 'நான்கு பருவங்கள்' இன்று உலகெங்கும் ஒலிக்கின்றது.

மாண்டலினை விவால்டி அளவாகவே கையாண்டார். 1716இல் அரங்கேறிய 'யூதித்தாவின் வெற்றி' என்னும் சமய இசைநாடகத்தில் ஒரு பாடலுக்கு அக்கருவி துணைநிற்கின்றது. தனி மாண்டலினுக்கு ஒன்றும், இரட்டை மாண்டலின்களுக்கு ஒன்றுமாக இரு கான்செர்ட்டோக்களை அவர் எழுதினார். 1740 மார்ச் மாதத்தில் சாக்சனி நாட்டு இளவரசர் முன்னிலையில் பியெத்தாப் பெண்கள் வாசித்த, பல கருவிகளுக்குரிய கான்செர்ட்டோ ஒன்றிலும் இரண்டு மாண்டலின்கள் இடம்பெற்றன. ஃபெராரா நகரப் பிரபுவான பெந்திவோலியோ மாண்டலின் வாசிப்பதில் ஆர்வமுடையவர். அவர் இன்னும் அதனை வாசித்து மகிழ்கின்றாரா என்று 1736இல் விவால்டி கடிதத்தில் வினவியுள்ளார்.

அக்காலத்து வட இத்தாலிய மாண்டலின் சிறியது, நரம்புத் தந்திகள் கொண்டது, மெல்லிய ஒலியுடையது. இன்று நாம் பெரும்பாலும் காணும் நான்கு இரட்டை உலோகத் தந்திகளையுடைய நேப்பிள்ஸ் வகை அதற்குப் பிற்பட்டது. மீட்டிய மறுகணமே மாண்டலினின் நாதம் தேய்ந்துவிடும். வயலின்கள் பல ஒன்றுசேர்ந்து முழங்கினால் அதன் குரல் அமிழ்ந்துபோகும். இதனை விவால்டி நன்கு உணர்ந்திருந்தார். எனவே தனி மாண்டலின் கான்செர்ட்டோவில், வயலின்களையும் வில்லால் இழைக்காது விரலால் மீட்டலாம் என்று குறித்து வைத்தார். வலியவர் தம் குரலைத் தாழ்த்தி எளியவரைப் பேசவிடும் பண்பு அவ்விசையில் அமைந்துள்ளது.

புகழும் வீழ்ச்சியும்

நாற்பதுக்கும் மேற்பட்ட இசைநாடகங்களை எழுதி, அரசர்களின் பாராட்டையும் பெருஞ்செல்வத்தையும் பெற்ற விவால்டியின் இறுதிக்காலம் இரங்கத்தக்கது. வெனிஸ் மக்களின் இரசனை மாறிற்று. ஆதரவு தேடி 1740இல் அவர் வியன்னா சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் பேரரசர் ஆறாம் சார்ல்ஸ் காலமானார். அந்நிய நகரில், வறுமையில், 1741 ஜூலை 28ஆம் நாள், தமது 63ஆம் வயதில் விவால்டி உயிர்நீத்தார். எளியோருக்குரிய முறையிலே அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் துயிலும் இடத்தில் இன்று கல்லறை இல்லை.

இருநூறாண்டு உறக்கம்

அவரது கையெழுத்துப் பிரதிகள் வெனிஸ் பிரபு ஒருவரிடம் சேர்ந்து, பின்னர் ஜெனோவா நகரத்து துராத்சோ குடும்பத்தின் உடைமையாயின. பாகப்பிரிவினையில் இரண்டாகவும் பிரிந்தன. ஏடுகள் அழியவில்லை, ஆனால் அவற்றை எடுத்து வாசிப்பார் எவருமில்லை. பாக்கின் வரலாற்றை ஆராய்ந்தோர் மட்டுமே விவால்டியின் பெயரை அறிந்திருந்தனர்.

1926இல் வட இத்தாலியின் மொன்பெராத்தோ பகுதியில் இருந்த ஒரு துறவியர் கல்லூரி, தன்னிடமிருந்த பழைய ஏடுகளை விற்க விரும்பி, துரின் நகர நூலகத்தின் கருத்தைக் கேட்டது. துரின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்பர்த்தோ ஜென்டிலி அவற்றை ஆராய்ந்தபோது, விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள் தொகுதி தொகுதியாக அங்கிருக்கக் கண்டார். நூலகத்திடம் அவற்றை வாங்கப் பணமில்லை. அப்போது, தம் பச்சிளங் குழந்தை மாவ்ரோவை இழந்து வாடிய ரொபேர்த்தோ ஃபொவா என்பவர், அக்குழந்தையின் நினைவாக அவற்றை 1927இல் வாங்கி நூலகத்திற்கு அளித்தார்.

தொகுதிகளை நுணுகி ஆராய்ந்த ஜென்டிலி, அவை பாதியே என்பதைக் கண்டறிந்தார். மறுபாதி ஜெனோவாவில் இருப்பது நீண்ட தேடலின்பின் தெரியவந்தது. நான்கு வயதில் இறந்த ரென்ஸோ என்னும் தம் மைந்தனின் நினைவாக, ஆலை அதிபர் பிலிப்போ ஜொர்தானோ 1930இல் அதனை வாங்கிக் கொடுத்தார். இன்றும் அத்தொகுப்புகள் மாவ்ரோ, ரென்ஸோ என்னும் அவ்விரு குழந்தைகளின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. பெற்றோரறியாப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட இசையை, பிள்ளைகளை இழந்த பெற்றோர் மீட்டளித்தனர்!

ஜென்டிலிக்குக் கிட்டிய கைம்மாறு கொடியது. அவர் யூதர்; 1938இல் இத்தாலியில் வந்த இனவெறிச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். மறு ஆண்டு சியெனா நகரில் விவால்டியின் இசைக்கு விழா எடுக்கப்பட்டது. தொடர்ந்து போர் சூழ்ந்தது.

இசைத்தட்டு அளித்த மறுவாழ்வு

போர் ஓய்ந்தபின், 1947இல் விவால்டி ஆக்கங்களை முழுமையாகப் பதிப்பிக்க இத்தாலியில் ஒரு நிறுவனம் தோன்றியது. 1948இல் நெடுநேரம் ஒலிக்கும் இசைத்தட்டு அறிமுகமாயிற்று. பழைய தட்டில் ஒரு பக்கம் நான்கைந்து நிமிடமே ஓடும். புதிய தட்டின் ஒரு பக்கத்திலோ விவால்டியின் கான்செர்ட்டோ இரண்டினை முழுமையாக அடக்கலாம். மேலும், பெருமண்டபத்தில் அமிழ்ந்துபோகும் மாண்டலினின் மென்குரலை, அருகில் வைத்த ஒலிவாங்கி துல்லியமாகப் பற்றிக்கொண்டது. மாண்டலின் கான்செர்ட்டோக்கள் இசைத்தட்டு வழியே இல்லந்தோறும் புகுந்தமைக்கு இவையே காரணங்கள்.

பாதுவா நகரில் 1959இல் கிளவ்தியோ சிமோனே நிறுவிய 'இ சொலிஸ்தி வெனெத்தி' குழுவினரும், ஜப்பானில் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த தகாஷி ஓச்சியும் பதிவுசெய்த தட்டுகள் பெரும்புகழ் எய்தின. 1979இல் வெளியான 'கிராமர் வெர்சஸ் கிராமர்' என்னும் அமெரிக்கத் திரைப்படம், தனி மாண்டலின் கான்செர்ட்டோவை இசையறியாதாரும் அறியச் செய்தது. 2015இல் ஆவி அவிட்டால் என்னும் கலைஞர் விவால்டிக்கென்றே ஓர் இசைத்தட்டினை வெளியிட்டார்.

மாணவச் செல்வங்களே! அறிஞர் பீட்டர் ரியோம் தொகுத்த பட்டியலில் தனி மாண்டலின் கான்செர்ட்டோவின் எண் 425. இரட்டை மாண்டலின் கான்செர்ட்டோவின் எண் 532. இவ்வெண்களைக் கொண்டு தேடினால் எளிதிற் கேட்டு மகிழலாம். முன்னது எட்டு நிமிட அளவினதே. பின்னதன் நடுப்பகுதியில், ஒரு மாண்டலின் விட்ட இடத்தை மற்றொன்று தொட்டுத் தொடர்வதைச் செவிகொடுத்துக் கேளுங்கள்.

இசையாயினும் மொழியாயினும், அது வாழ மூவர் வேண்டும்: படைப்பவர், காப்பவர், பயில்பவர். விவால்டியின் இசை படைக்கப்பட்டது, காக்கவும்பட்டது. எனினும், வாசிக்கும் கைகள் வரும்வரை இருநூறு ஆண்டுகள் அது ஊமையாகவே கிடந்தது. நம் வீட்டு அலுமாரியில் அடுக்கிய தமிழ் நூல்களின் நிலையும் அத்தகையதே. படைத்தோரும் காத்தோரும் தம் கடமையைச் செய்துவிட்டனர். பயில்வது நம் கடமை.