அதிசய மனிதர் ஜி. டி. நாயுடுவும் எங்கள் மாமாவின் ஜீப்பும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால்தான் எங்கள் கொல்லிமலை வரும். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று தமிழ் வகுப்பில் பேச்சு வரும்போதெல்லாம் நானும் சற்றுப் பெருமையோடு நிமிர்ந்து உட்காருவதுண்டு. ஆனால் எங்கள் வீட்டில் ஓரியைவிட அதிகம் அடிபட்ட பெயர் கோவை ஜி. டி. நாயுடு. செம்மேட்டுக்கு அப்பால் பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமன், பழைய நாட்காட்டி ஒன்றிலிருந்து கத்தரித்த அவர் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எண்ணெய்க் கறையால் முகம் பாதி மறைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன மாமாவுக்கு அந்தப் படமே பட்டச் சான்றிதழ்.

சென்ற ஆண்டு நான் கல்லூரியை விட்டுவிட்டு அந்தப் பட்டறையில் சேர்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அப்பா சம்மதிக்கவில்லை. அவரை மடக்குவதற்கு வாதம் தேடித்தான் நாயுடு அவர்களின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கோபால்சாமி நாயுடுவின் மகனாகத் துரைசாமி, கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார். பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மணலை வாரி வீசிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை சொல்வார்கள். எப்படியோ, தொடக்கப் பள்ளியோடு அவருடைய ஏட்டுக் கல்வி முடிந்தது. நிலத்தில் வேலை, ஓய்வு நேரத்தில் தமிழ் நூல்கள் என்று கழிந்துகொண்டிருந்த நாளில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் அந்த ஊர்ப்பக்கம் வந்தார். மாடு இல்லாமல், குதிரை இல்லாமல் ஓடும் வண்டி! அன்று அந்த இளைஞருக்குத் தூக்கம் போயிற்று.

ஊரை விட்டுக் கோவைக்குப் போய் ஓட்டல் ஒன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். ஓட்டல் சம்பளத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பணம் சேர்ப்பது அந்தக் காலத்தில் எளிய காரியமன்று. சேர்த்தார், மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. தரையில் துணியை விரித்து அதன் மேல் வண்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டார். பிறகு மீண்டும் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் கிடையாது, படம் போட்ட கையேடும் கிடையாது. இந்தக் கட்டத்தைப் படித்தபோதுதான் மாமாவுக்கு அந்தப் படத்தின் மீது ஏன் அவ்வளவு பற்று என்பது எனக்கு விளங்கிற்று.

எங்கள் மாமாவிடம் அவருடைய தகப்பனார் காலத்து ஜீப் ஒன்று இருக்கிறது. வில்லிஸ் ஜீப்பின் மாதிரியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் செய்து விற்ற பெட்ரோல் வண்டி. தேய்ந்துபோன அதன் எஞ்சின் மிளகு மூட்டையோடு மலையேறும்போது பெட்ரோலைத் தண்ணீராய்க் குடிக்கும். விபத்தில் நொறுங்கிக் கழிக்கப்பட்ட புதுக்கால வண்டி ஒன்றின் டீசல் எஞ்சினை எடைக்கு வாங்கி, இதில் பொருத்துவது என்று மாமா தீர்மானித்தார். அமெரிக்காவில் இது ஒரு பெரிய மோகம். 1964-இல் பாண்டியாக் கம்பெனியார் தங்கள் பெரிய காருக்குரிய எட்டு சிலிண்டர் எஞ்சினை நடுத்தரக் காரில் வைத்து ஜி.டி.ஓ. என்று விற்றார்கள். அத்தகைய முரட்டுக் கார்களின் பழைய கூட்டுக்குள் இன்றைய எஞ்சினையும் கியர்பெட்டியையும் வைப்பதற்கென்றே அங்கே பட்டறைகள் இருக்கின்றன. எங்கள் மாமாவுக்கு மோகமெல்லாம் இல்லை. மூட்டை மேலே வர வேண்டும், அவ்வளவுதான்.

விடுமுறை முழுவதும் நான் உடனிருந்தேன். எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். வைத்தால் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் இடித்தது. அதை வெட்டி வடிவம் மாற்றி ஒட்ட வேண்டியதாயிற்று. எஞ்சினின் துளைகளும் பழைய கியர்பெட்டியின் துளைகளும் ஒத்துப் போகவில்லை. நடுவில் ஓர் இரும்புத் தட்டைக் கடைந்து வைத்தோம். மையம் மயிரிழை பிசகினாலும் கிளட்ச் அதிரும் என்பதால் அந்தத் தட்டு மூன்று முறை நாமக்கல்லுக்குப் போய் வந்தது. எல்லாவற்றையும்விடத் தொல்லை கொடுத்தது மின்கம்பிதான். இன்றைய டீசல் எஞ்சினில் எரிபொருளை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை ஒரு சிறு கணினிப் பெட்டி தீர்மானிக்கிறது. உணர்கருவி ஒன்று செய்தி அனுப்பாவிட்டாலும் அது முரண்டு பிடிக்கும். ஸ்பானருக்கு அடங்காத அந்தப் பெட்டியின் முன்னால் மாமா இரண்டு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தைப் படித்து ஒவ்வொரு கம்பியாக மின்னழுத்தம் அளந்து பார்த்தவன் நான். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேண்டாவெறுப்பாகக் கற்றது அன்று கைகொடுத்தது.

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியபோது ஊரே கூடி நின்றது. ஏறுவதற்கு அது யானை. இறங்கும்போதுதான் கதை வேறாயிற்று. மூட்டைகளோடு அடிவாரம் நோக்கி இறங்குகையில் நாற்பதாவது வளைவுக்கு அருகே பிரேக் மிதி பலமின்றி உள்ளே போய்விட்டது. மலைப்பக்கத்து மண்திட்டில் உராய்த்து மாமா வண்டியை நிறுத்தினார். எதிர்ப்பக்கம் பள்ளம். எஞ்சின் புதிது, எடை கூடுதல், வேகம் கூடுதல். பிரேக்கோ தாத்தா காலத்து டிரம் பிரேக். சூடேறித் தீய்ந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

நாயுடு அவர்களின் கதைக்கு வருவோம். மெக்கானிக் வேலையில் கைதேர்ந்த அவருக்கு ஸ்டேன்ஸ் துரை கைகொடுக்க, 1920-இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் பீளமேட்டிலுள்ள அவருடைய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸிலிருந்து இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் வெளிவந்தது. அதை உருவாக்குவதில் அவரோடு உழைத்த பாலசுந்தரம் நாயுடு பின்னாளில் டெக்ஸ்டூல் தொழிற்சாலையைக் கண்டார். உலர்மின்கலத்தால் இயங்கும் ராசண்ட் சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, மோசடி செய்ய முடியாத வாக்குப் பதிவு இயந்திரம் என்று அவர் கை வைத்தவை பல. பருத்தியையும் பப்பாளியையும்கூட அவர் விட்டு வைக்கவில்லை.

1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை இரண்டாயிரம் ரூபாய். உற்பத்திக்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. அந்தக் கார் மக்களிடம் வந்து சேரவேயில்லை. இதைப் படித்தபோது என் நெஞ்சு கொதித்தது. ஏனெனில் அதே வாரத்தில்தான் எங்கள் ஜீப்பின் எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகத்து எண்ணும் ஒத்துவரவில்லை என்று மாமாவைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாயுடுவுக்கு மறுத்தவர்களையும் மாமாவுக்கு மறுத்தவர்களையும் ஒரே தட்டில் வைத்துத் திட்டித் தீர்த்தேன். ஆனால் நாற்பதாவது வளைவு நினைவுக்கு வரும்போது அவ்வளவு உரக்கத் திட்ட முடியவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க் கார் எவர் உயிருக்கும் உலை வைக்கவில்லையே. எங்கள் ஜீப் வைக்கப் பார்த்தது.

நான் தேடிய வாதம் 1945-ஆம் ஆண்டுப் பக்கத்தில் கிடைக்கும் என்று நம்பியிருந்தேன். அவ்வாண்டு சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. நாயுடு அவர்களே முதல்வர். நான்காண்டுப் படிப்பு வீண், இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு இணங்கவில்லை, பதவியைத் துறந்து வெளியேறினார். பார்த்தீர்களா அப்பா என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றேன். இரண்டாண்டு போதும் என்றாரே தவிர, படிப்பே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. கல்லூரியின் உள்ளே காலடி வைக்காதவர் கல்லூரி கட்டப் பாடுபட்டிருக்கிறார். அந்தக் கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

1974 ஜனவரி 4-ஆம் நாள் நாயுடு அவர்கள் மறைந்தார். 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பேருந்து ஓட்டியவருக்குச் சாலையிலேயே நினைவுச் சின்னம் அமைந்தது பொருத்தம்தான்.

மாமா இப்போது முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பொருத்திவிட்டார். பிரேக்குக்கு விசை கூட்டும் வெற்றிடப் பம்பு புது எஞ்சினிலேயே இருந்தது. முதல் தடவை நாங்கள்தான் அதை இணைக்காமல் விட்டிருந்தோம். பதிவு இன்னும் ஆகவில்லை. ஆகும்வரை பொதுச்சாலையில் இறக்கமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே ஜீப் எங்கள் காட்டுக்குள்ளேயே பலாப்பழமும் மிளகும் ஏற்றிக்கொண்டு மேடு ஏறுகிறது. நான் மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டேன். மின்னணுவியல் தாளில் சென்ற பருவத்து நிலுவை ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன்.