மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்ட கிருபாபாய்

சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டு பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. முதல் தொகுதியில் இருந்த மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1878இல் படிப்பை முடித்து வெளியேறினார். அதே ஆண்டில் மராட்டிய நாட்டிலிருந்து பதினாறு வயதுப் பெண் ஒருவர் அக்கல்லூரியில் வந்து சேர்ந்தார். சேர்ந்த நாள் முதல் வகுப்பில் முன்னணி. ஆனால் ஓராண்டிலேயே உடல்நிலை முறிந்து படுத்துவிட்டார். மருத்துவப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

அவர்தான் கிருபாபாய் சத்தியநாதன். ஆங்கிலத்தில் தன்வரலாற்று நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண் என்று இலக்கிய வரலாறுகள் இன்று அவரைக் குறிப்பிடுகின்றன. இந்த மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டார்கள். எடுத்த காரியத்தை முடித்து வென்றவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நிறுத்த நேர்ந்த ஒருவரைப் பற்றி நம் தங்கைமார் வாசிக்கட்டும் என்று இவரைத் தேர்ந்தேன்.

கிருபாபாய் 1862 பெப்ரவரி 14ஆம் திகதி அகமத்நகரில் பிறந்தார். பெற்றோர் பிராமணக் குலத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். பிள்ளைகள் நிறைந்த வீடு. தந்தை சிறுவயதிலேயே காலமாகிவிட்டார். மூத்த அண்ணன் பாஸ்கர்தான் தங்கைக்குப் புத்தகங்களைக் கொடுத்து, பேசி, யோசிக்கப் பழக்கியவர். அவரும் இளவயதிலேயே இறந்தார். அந்த இழப்போடு பம்பாய்க்குப் படிக்கச் சென்ற கிருபாபாய் அங்கே மருத்துவராக வேண்டுமென்று தீர்மானித்தார். இங்கிலாந்து சென்று படிக்க உதவிப்பணமும் கிடைத்தது. ஆனால் இந்த உடம்போடு கப்பலேறக் கூடாது என்று மருத்துவர்கள் தடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாகத்தான் சென்னைக்கு அனுப்பப்பட்டார்.

இந்த இடத்தில் ஒரு கணம் நின்று பாருங்கள். நோயாளி என்று ஏற்கெனவே சொல்லப்பட்ட பெண். இங்கிலாந்துக்குப் போக முடியாமற் போன ஏமாற்றம் ஒரு பக்கம். உதவிப்பணம் தந்தவர்களுக்கும் செத்துப்போன அண்ணனுக்கும் பதில் சொல்ல வேண்டிய கடன் இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட பிள்ளை வகுப்பில் சாதாரணமாகப் படித்துத் தேறினால் போதும் என்று நினைக்குமா? முதலிடம் வாங்கியே தீரவேண்டும் என்றுதான் நினைக்கும்.

நம்மில் பலருக்கு இது தெரிந்த கதை. லயத்திலிருந்து ஒரு பிள்ளை கம்பஸுக்குப் போனால், போவது அந்தப் பிள்ளை மட்டுமா? அம்மாவின் கொழுந்துக் கூடை, அக்காவின் கொழும்புச் சம்பளம், அட்டனில் டியூசனுக்குக் கட்டிய காசு எல்லாம் கூடவே போகின்றன. விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்துப் பழகிய பிள்ளைக்கு ஓய்வு என்பது ஏதோ களவெடுப்பது போலத் தோன்றும். வெளிநோயாளர் பிரிவில் தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கேஸ்ட்ரிக் என்று வரும் இளம் பெண்களிடம் இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டால், முதலில் பெருமையோடுதான் பதில் வரும். அழுகை பிறகு வரும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் வேலைச் சோர்வு என்ற நிலைக்கு இடம் கொடுத்தது. அதைக்கூட ஒரு நோயாக அல்ல, வேலையிடத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு நிலையாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது குறை அந்தப் பிள்ளையின் உடம்பில் மட்டும் இல்லை.

கிருபாபாய்க்குச் சென்னையில் தங்க இடம் கொடுத்தவர்கள் போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் குடும்பத்தினர். வீட்டு அம்மா அன்னா சத்தியநாதன் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைகள் நடத்தியவர். தமிழில் ‘நல்ல தாய்’ என்ற நூலை எழுதியவரும் அவரே. நோயுற்ற மாணவி 1879இல் பூனாவிலிருந்த அக்காவிடம் போய் ஓராண்டு இருந்தார். சற்றே தேறியதும் மறுபடியும் சென்னை வந்தார். அந்த வீட்டு மகன் சாமுவேலோடு நட்பு உண்டாகி, 1881இல் திருமணம் நடந்தது.

சாமுவேலுக்கு ஊட்டியிலுள்ள பிரீக்ஸ் நினைவுப் பாடசாலையில் தலைமையாசிரியர் பதவி கிடைத்தது. நீலகிரிக்கு அப்போது ரயில் கிடையாது. மலைப்பாதை வழியாகத்தான் ஏறவேண்டும். நம் மலைகளில் அதே ஆண்டுகளில் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. நம் முப்பாட்டன்மாரும் பாட்டிமாரும் தமிழ்நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த காலம் அது. வெள்ளைக்காரர் நுவரெலியாவைப் போலவே ஊட்டியையும் உடம்பு தேற்றும் இடமாக வைத்திருந்தார்கள். அந்தக் குளிர்காற்று கிருபாபாய்க்கு ஒத்துக்கொண்டது.

அவர் அங்கே சும்மா இருக்கவில்லை. முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு பாடசாலையைத் தொடங்கினார். வேறு பெண் பாடசாலைகளிலும் கற்பித்தார். ‘ஓர் இந்தியப் பெண்மணி’ என்ற புனைபெயரில் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதினார். அவற்றில் ஒன்று தோடர்களைப் பார்க்கப் போன அனுபவம். பரீட்சையும் போட்டியும் இல்லாத வேலைகள் இவை. உடம்பு இடம் கொடுத்தால் செய்யலாம், இல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். ஊட்டியில் இருந்த மூன்று ஆண்டுகளும் அவர் உடல்நிலை ஓரளவு நிலையாக இருந்தது. மருத்துவக் கல்லூரியில் ஓராண்டுக்கு மேல் தாங்காத பெண் இங்கே மூன்றாண்டு தொடர்ந்து வேலை செய்தார் என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஆசை குறையவில்லை, வேலையின் வேகம்தான் அவர் கைக்கு வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இடைவெளியை அவர் தனியாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. பூனாவில் அக்கா கதவைத் திறந்து வைத்தார். படிப்பை விட்டு வந்தவளை அன்னா அம்மா மருமகளாக ஏற்றுக்கொண்டார். பிறகு கணவரின் வேலையோடு ராஜமுந்திரிக்குப் போனபோது உடம்பு மறுபடி கெட்டது. குடும்பம் அங்கிருந்து கும்பகோணத்துக்கு மாறியது. பிள்ளைகளே, உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்வது எங்களுக்கு மிகவும் லேசு. வீட்டு வேலையில் பாதியை அண்ணன் தம்பிமார் எடுத்துக்கொள்ளாமல் அந்தப் புத்திமதி எங்கே பலிக்கும்?

1886இல் குடும்பம் சென்னைக்கே திரும்பியது. ‘சகுணா’ நாவல் 1887, 1888ஆம் ஆண்டுகளில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. படிக்கத் துடிக்கும் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் கதை. பெரும்பாலும் அவருடைய சொந்தக் கதை. பட்டமாக முடியாத அந்தப் படிப்பு இப்படி எழுத்தாக வந்து சேர்ந்தது. இதே காலத்தில்தான் அவருக்கு ஒரு குழந்தை பிறந்தது. ஒரே குழந்தை. ஒரு வயது நிறையுமுன்பே அது இறந்துபோயிற்று. அதன்பின் மனச்சோர்வில் விழுந்த அவருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. பம்பாயில் பரிசோதித்த மருத்துவர்கள் காசநோய் என்று உறுதி செய்து, குணமாகாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் எழுதியது ‘கமலா’. படிப்பில் நாட்டமுள்ள ஓர் இந்துப் பெண் புகுந்த வீட்டில் படும் பாடு அது. நாள் குறைவு என்று தெரிந்தே, படுக்கையும் பேனாவுமாக விரைந்து எழுதினார். இதை ஓய்வின்மை என்று நான் குறை சொல்ல மாட்டேன். எஞ்சிய நாட்களை எதற்குச் செலவிடுவது என்று தெரிந்து செய்த முடிவு அது. 1894இல், முப்பத்திரண்டாம் வயதில் அவர் இறந்தார்.

ஒரு மருத்துவராக இங்கே சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பெண்கள் அதிகம் படித்தால் உடம்பு கெடும் என்று 1873இல் பாஸ்டனில் எட்வர்ட் கிளார்க் என்ற மருத்துவர் ஒரு புத்தகமே எழுதினார். கிருபாபாயின் வாழ்க்கையை அதற்குச் சாட்சியாகக் காட்டுவது சுலபம். ஆனால் படிப்பு காசநோயைத் தருவதில்லை. அதைத் தரும் கிருமியை ரொபர்ட் கோக் 1882இல் அறிவித்தார். அப்போது கிருபாபாய் ஊட்டியில் இருந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது 1943இல்தான். இடைப்பட்ட காலத்தில் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வும்தான் வைத்தியம். ஆனந்திபாய் ஜோஷியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தவில்லை. அமெரிக்காவில் உடல் நலிந்த நிலையிலும் படித்து 1886இல் பட்டம் பெற்றார். 1887 பெப்ரவரியில், இருபத்தொரு வயதில், அதே காசநோயால் இறந்தார். நிறுத்தியவரையும் நிறுத்தாதவரையும் அந்த நோய் ஒன்றுபோலவே கொண்டுபோனது. ஆகவே யார் செய்தது சரி என்ற கணக்குக்கு நான் போகவில்லை.

இன்று நம்மிடம் மருந்து இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், பரீட்சை முடியட்டும் என்று காத்திராமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். விடாத களைப்புக்கு இரத்தச்சோகையும் தைரொயிட்டும் காரணமாக இருக்கலாம். அவற்றைச் சோதித்துப் பார்க்காமல் சோம்பேறித்தனம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும் நித்திரை வரவில்லை, எதிலும் மனம் பிடிக்கவில்லை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு தவணை தள்ளிப்போனால் பட்டம் ஓடிவிடாது.

கிருபாபாய் இறந்தபின், அவர் படித்து முடிக்காத அதே சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவிகளுக்கென அவர் பெயரில் உதவிப்பணம் ஏற்படுத்தினார்கள். அவருடைய இரண்டு நாவல்களையும் நம் நாட்டில் பிறந்த எழுத்தாளர் சந்தனி லொக்குகே பதிப்பித்து, ஒக்ஸ்போர்ட் பதிப்பகம் 1998இல் மீண்டும் வெளியிட்டது. ஆங்கிலத்தில் வாசிக்கப் பழகிய பிள்ளைகள் ‘சகுணா’வை முதலில் எடுங்கள். ‘கமலா’ கொஞ்சம் கனமானது, பரீட்சை முடிந்த விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.