ரிட்டர்ன் டிக்கெட்

நம் கல்லூரியிலிருந்து வேலைக்காகக் கடல் தாண்டினவர்களை எண்ண ஆரம்பித்தால் இந்த மலரில் பக்கம் போதாது. ஒரே வருஷம்தான், போய்ட்டு வந்துடறேன்னு அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் திரும்பாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானே ஒரு வருஷ காண்ட்ராக்டில் போய் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அதனாலோ என்னவோ, இந்த முறை மலருக்கு எழுதக் கேட்டபோது, அதே மாதிரி ஒரு வருஷ காண்ட்ராக்டில் கப்பலேறின ஒரு வக்கீல் ஞாபகத்துக்கு வந்தார். மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. மகாத்மா என்பதெல்லாம் பிற்பாடு. 1893-ல் அவர் வெறும் மிஸ்டர் காந்தி, வயது 23.

லண்டனில் பாரிஸ்டர் பட்டம் வாங்கிக்கொண்டு 1891-ல் வந்தவருக்கு ஊரில் தொழில் எடுபடவில்லை. பம்பாயில் முதல் கேஸ், 30 ரூபாய் ஃபீஸ். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது, வாய் திறக்க வரவில்லை. கட்சிக்காரரை வேறொரு வக்கீலிடம் போகச் சொல்லிவிட்டுக் கோர்ட்டை விட்டே வெளியேறினார். மாதம் 75 ரூபாய் சம்பளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போய்க் கேட்டார். பி.ஏ. இல்லை என்று அதுவும் போச்சு. (பி.ஏ.வை லேசாக நினைத்த நம் நண்பர்கள் கவனிக்கவும்!)

சரி என்று ராஜ்கோட்டுக்கே போய், அண்ணன் தயவில் மனு எழுதிக்கொடுத்துப் பிழைத்தார். அதில் மாதம் 300 ரூபாய் வரை வந்தது. ஆனால் அண்ணனுக்காகச் சிபாரிசு பேசப்போன இடத்தில், அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி பியூனை விட்டு அவரை வெளியே தள்ளினார். லண்டனில் தெரிந்த மனிதர்தானே என்று நம்பிப் போனது! வக்கீல் வேலையில் பாதி அந்த அதிகாரியின் கோர்ட்டிலேயே நடக்க வேண்டும். அப்புறம் அந்த ஊரில் எப்படி இருப்பது?

அந்த நேரத்தில் வந்ததுதான் தாதா அப்துல்லா கம்பெனியின் அழைப்பு. போர்பந்தர் மேமன் வியாபாரிகள், தென்னாப்பிரிக்காவில் பெரிய கை. டிரான்ஸ்வாலில் 40,000 பவுனுக்கு ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஒரு வருஷத்துக்கு 105 பவுன், தங்கவும் சாப்பிடவும் அவர்கள் செலவு, போகவர முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய மாற்று விகிதத்தில் மாதம் 140 ரூபாய் சுமார். ராஜ்கோட்டில் வந்ததில் பாதிகூட இல்லை! வக்கீலாகப் போகிறோமா, கம்பெனிச் சிப்பந்தியாகப் போகிறோமா என்று அவருக்கே சந்தேகம்தான். ஆனாலும் சம்பளத்தைப் பற்றிப் பேரம் பேசவில்லை. ஊரை விட்டுப் போனால் போதும் என்றிருக்கிற மனிதன் என்ன பேரம் பேசுவான்? நம்மில் சிலருக்கு இது தெரியும், வெளியே சொல்ல மாட்டோம்.

வீட்டில் கஸ்தூரிபாய். பெரியவன் ஹரிலாலுக்கு நாலு வயசு முடிந்து ஐந்து நடக்கிறது. சின்னவன் மணிலால் 1892 அக்டோபரில் பிறந்தவன், அப்பா 1893 ஏப்ரலில் பம்பாயில் கப்பலேறும்போது அவனுக்கு ஆறு மாசம்கூட ஆகவில்லை.

மே மாதக் கடைசியில் டர்பன். முதலாளி அப்துல்லா சேட்டுக்கு இவரைப் பார்த்ததுமே கலக்கம். கோட்டும் சூட்டும் பார்த்தால், இந்த ஆளுக்கு ஆகும் செலவு வெள்ளைக்காரனுக்கு ஆகும் போலிருக்கிறதே! கொடுக்க உடனடி வேலையும் இல்லை. ஒரு வாரம், பத்து நாள் பார்த்துவிட்டு பிரிட்டோரியாவுக்கு அனுப்பினார். அந்தப் பயணத்தில்தான் ஜூன் 7 ராத்திரி, மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கித் தள்ளியது. இது பாடப் புத்தகத்திலேயே உண்டு. நான் யோசிப்பது அன்றைக்கு வெயிட்டிங் ரூமில் அவர் உட்கார்ந்திருந்த ராத்திரியை. ஜூன் அங்கே குளிர்காலம். ஓவர்கோட் பெட்டிக்குள், பெட்டி ரயில்வேக்காரர் வசம். போய்க் கேட்டால் இன்னொரு அவமானம் வருமோ என்று கேட்கவில்லை. பேசாமல் ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தார். கம்பெனி திரும்பிப் போகவும் டிக்கெட் தருவதாக ஒப்புக்கொண்டிருந்ததே. ஒத்துக்கொண்ட கேஸை முடிக்காமல் ஓடுவது கோழைத்தனம் என்று பட்டது. மறுநாள் ரயில் ஏறினார்.

பிரிட்டோரியாவில் என்ன வேலை செய்தார் என்பதை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பிடித்த பகுதி. வழக்கு முழுக்கக் கணக்குப் புத்தகங்களில் இருந்தது. பாரிஸ்டருக்குப் பற்று எது, வரவு எது என்று தெரியாது. பி. நோட் என்றால் பிராமிசரி நோட் என்பதே டர்பனில் கம்பெனி குமாஸ்தா சொல்லித்தான் தெரிந்தது. புக்கீப்பிங் புத்தகம் ஒன்று வாங்கிப் படித்தார். வழக்கின் காகிதம் அத்தனையும் கரைத்துக் குடித்தார். பம்பாயில் வாய் திறக்காதவர் இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகக் கண்டுகொண்டார்: இரண்டு கட்சிக்காரரும் உறவு, ஒரே ஊர், வக்கீல் ஃபீஸிலேயே இரண்டு பேரும் அழிந்துபோவார்கள். பேசிப் பேசி மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்தார். அப்துல்லா ஜெயித்தார். எதிராளி தையப் சேட் 37,000 பவுனையும் செலவையும் ஒரே தடவையில் கட்டினால் திவால்தான், அந்த வியாபாரிகளுக்குத் திவால் என்பது சாவை விட மோசம். நீண்ட தவணையில் வாங்கிக்கொள்ளும்படி தன் முதலாளியையே சம்மதிக்க வைத்தார். மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்க வைத்ததைவிட இது கஷ்டமாக இருந்ததாம். எந்த வக்கீலும் நம்பக்கூடிய விஷயம்!

கேஸ் முடிந்தது, காண்ட்ராக்டும் முடிந்தது. 1894-ல் டர்பனில் வழியனுப்பு விருந்து. அங்கே கிடந்த ஒரு பத்திரிகையில், நேட்டால் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வருகிற செய்தி கண்ணில் பட்டது. விருந்துக்கு வந்தவர்கள் ஒரு மாசம் இருக்கச் சொன்னார்கள். இருந்தார். ஆகஸ்டில் நேட்டால் இந்தியன் காங்கிரஸ் ஆரம்பமானது. பொதுவேலைக்குக் கூலி வாங்க மறுத்ததால், சுமார் இருபது வியாபாரிகள் தங்கள் வக்கீல் வேலையை அவருக்குக் கொடுத்துக் குடித்தனம் நடத்த வழி செய்தார்கள். அந்த வருஷமே, முதலாளி அடித்துப் பல் உடைந்து ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி வந்து நின்றார். ஆபீசிலிருந்த தமிழ் குமாஸ்தாதான் மொழிபெயர்த்தார். முதலில் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார் காந்தி.

குடும்பத்தை அழைத்து வர ஆறு மாத லீவு கேட்டுக்கொண்டு 1896-ல்தான் ஊருக்குப் போனார். மூன்று வருஷம்! மணிலால் நடந்து, பேசி, ஓடி விளையாடியதெல்லாம் அப்பா பார்க்காதவை. கஸ்தூரிபாயின் அந்த மூன்று வருஷத்தைப் பற்றி யாரும் பக்கம் பக்கமாக எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். டிசம்பரில் எல்லோருமாக டர்பன் வந்தால், பிளேக்கைக் காரணம் காட்டிக் கப்பலையே 23 நாள் கரைக்கு விடவில்லை. 1897 ஜனவரி 13 அன்று இறங்கினவரைத் தெருவில் வெள்ளையர் கூட்டம் அடித்தது. குடும்பத்தை முன்னாலேயே நண்பர் வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார், அந்த மட்டில் புண்ணியம்.

நடுவில் 1901-ல் ஒரு தடவை, இனி ஊரோடுதான் என்று மூட்டை கட்டினார். அடுத்த வருஷமே தந்தி வந்து கூப்பிட்டது. கடைசியாக 1914 ஜூலை 18-ல் கஸ்தூரிபாயோடு கேப்டவுனில் கப்பலேறியபோது ஒரு வருஷ காண்ட்ராக்ட் 21 வருஷம் ஆகியிருந்தது. இந்தியாவில் இறங்கியது 1915 ஜனவரியில். ஆறு மாசத்துக் குழந்தையாக விட்டுப்போன மணிலால் சில வருஷத்தில் மறுபடி தென்னாப்பிரிக்காவுக்கே போனார். அப்பா அங்கே வளர்த்த இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையை டர்பன் பக்கத்தில் ஃபீனிக்ஸ் குடியிருப்பிலிருந்து நடத்திக்கொண்டிருந்து, 1956-ல் அங்கேயே காலமானார்.