கோல்கீப்பருக்கு காயம்... கோல் போஸ்ட்டில் நின்ற டிஃபென்டர்! யார் இந்த ஜெர்மானோ?

போர்ச்சுகல் கால்பந்துன்னு சொன்னதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது ரொனால்டோ. கொஞ்சம் பழைய ரசிகர்களைக் கேட்டால் யூசேபியோ என்பார்கள். இரண்டு பேருமே கோல் அடித்துப் பெயர் வாங்கியவர்கள். அதே நாட்டில், கோல் விழாமல் தடுப்பதையே வேலையாகக் கொண்டு இரண்டு முறை ஐரோப்பிய கோப்பையை வென்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜெர்மானோ டி ஃபிகைரேடோ. அவரோட மறக்க முடியாத ஆட்டம் எதுன்னு பார்த்தால், அது அவர் அணி தோற்றுப் போன ஒரு ஃபைனல். அது எப்படி? பார்க்கலாம்.

சின்ன கிளப்பில் தொடங்கிய பயணம்

ஜெர்மானோ பிறந்தது 1932-ல், லிஸ்பன் நகரில். அங்கே துறைமுகத்தை ஒட்டி இருக்கும் தொழிலாளர் பகுதி அல்காந்தரா. அந்தப் பகுதியின் கிளப்பான அட்லெடிகோவில்தான் 1950-கள் முழுக்க ஆடினார். பென்ஃபிகா, ஸ்போர்ட்டிங் என்ற இரண்டு பெரிய கிளப்புகள் இருக்கும் ஊரில் அட்லெடிகோ ஒரு சின்ன அணிதான். ஆனாலும் அங்கிருந்தபடியே தேசிய அணிக்குள் வந்துவிட்டார்.

1960-ல் பென்ஃபிகா அவரை அழைத்தது. அப்போது அவருக்கு 27 வயது. அந்த அணியின் பயிற்சியாளர் ஹங்கேரியைச் சேர்ந்த பெலா குட்மன். முன்னால் ஏறி அடிக்கணும், எதிரணி எத்தனை போட்டாலும் அதைவிட ஒன்று கூடப் போடணும் என்பது அவரது பாணி. பார்க்க ஜாலியாக இருக்கும். ஆனால் எல்லோரும் முன்னால் போய்விட்டால் பின்னால் யார்? அங்கேதான் சென்டர் பேக் ஜெர்மானோவுக்கு வேலை.

1961: அந்த ஒரு கோல் வித்தியாசம்

இப்போ நாம சாம்பியன்ஸ் லீக்ன்னு பார்க்கிற தொடர், அப்போது ஐரோப்பிய கோப்பை. 1956 முதல் 1960 வரை ஐந்து முறையும் ரியல் மாட்ரிட்தான் ஜெயித்தது. 1961-ல் அந்த வரிசையை உடைத்தது பென்ஃபிகா.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஃபைனல். எதிரே பார்சிலோனா. குபாலா, கோச்சிஷ், ஸிபோர், லூயிஸ் சுவாரஸ் என வரிசையாக நட்சத்திரங்கள். முதல் கோலை பார்சிலோனாதான் அடித்தது. அப்புறம் பென்ஃபிகா மூன்று கோல் போட்டு முந்தியது. கடைசி அரை மணி நேரம் பார்சிலோனா விடாமல் தாக்கியது. பந்து பலமுறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஒரு கோல்தான் உள்ளே போனது. 3-2 என்ற கணக்கில் கோப்பை பென்ஃபிகாவுக்கு.

இதில் அதிர்ஷ்டமும் இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அந்த நெருக்கடியில் பெனால்டி பகுதிக்குள் நின்று சமாளித்த கூட்டத்துக்கு நடுவில் இருந்தவர் ஜெர்மானோ. அடுத்த நாள் ஸ்கோர் கார்டில் அவர் பெயர் இல்லை. டிஃபென்டர் வேலையே அப்படித்தான்!

1962: முதல் பாதியில் மூணு, இரண்டாம் பாதியில் முட்டை

அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஃபைனல். இந்த முறை எதிரே ரியல் மாட்ரிட். முதல் பாதியிலேயே புஷ்காஷ் ஹாட்ரிக் அடித்துவிட்டார். இடைவேளையில் 3-2 என்று பென்ஃபிகா பின்தங்கி இருந்தது.

இரண்டாம் பாதியில் கொலூனா ஒன்று, 20 வயது யூசேபியோ இரண்டு. முடிவு 5-3. அன்றைய ஹீரோ யூசேபியோ, சந்தேகமே இல்லை. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்க. புஷ்காஷும் டி ஸ்டெஃபானோவும் இருந்த அணி, இரண்டாம் பாதியில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அந்தப் பூட்டு விழாமல் இருந்திருந்தால் யூசேபியோவின் இரண்டு கோலும் போதாமல் போயிருக்கும்.

1965: சான் சிரோவில் என்ன நடந்தது?

1963 ஃபைனலில் ஜெர்மானோ ஆடவில்லை. ஏசி மிலானிடம் 2-1 என பென்ஃபிகா தோற்றது. இரண்டு வருஷம் கழித்து மீண்டும் ஃபைனல். 1965 மே 27, மிலான் நகரின் சான் சிரோ மைதானம். எதிரணி இன்டர் மிலான். அதாவது அவங்க சொந்த மைதானத்திலேயே ஃபைனல்! அன்றைக்கு நல்ல மழை வேறு. மைதானம் முழுக்க தண்ணீர்.

முதல் பாதி முடியும் நேரத்தில் இன்டரின் ஜெயிர் அடித்த பந்து, ஈரத்தில் வழுக்கி கோல்கீப்பர் கோஸ்டா பெரெய்ராவைத் தாண்டி உள்ளே போனது. 1-0. இரண்டாம் பாதியில் கோஸ்டா பெரெய்ரா காயமடைந்து வெளியேறினார்.

இன்றைக்கு என்றால் மாற்று கோல்கீப்பர் ஓடி வருவார். அன்று அந்த விதியே கிடையாது. உலகக் கோப்பையில்கூட மாற்று வீரர்களை அனுமதித்தது 1970-ல்தான். யாருக்காவது அடிபட்டால் மீதி 10 பேர்தான் ஆடணும். கோல்கீப்பருக்கு அடிபட்டால், அந்த 10 பேரில் ஒருவர் கோல் போஸ்ட்டுக்குப் போகணும்.

போனவர் ஜெர்மானோ. 32 வயது சென்டர் பேக், ஐரோப்பிய கோப்பை ஃபைனலில், கொட்டும் மழையில், சுமார் அரை மணி நேரம் கோல்கீப்பர். எதிரே மசோலா, ஜெயிர், 1961-ல் பார்சிலோனாவுக்கு ஆடிய அதே லூயிஸ் சுவாரஸ்.

எத்தனை கோல் விழுந்தது தெரியுமா? ஒன்றுகூட இல்லை. ஆட்டம் 1-0 என்றே முடிந்தது. கோப்பை இன்டருக்குப் போனது.

இங்கே ஒரு விசித்திரம். இரண்டு கோல் விட்ட ஃபைனலில் பென்ஃபிகா ஜெயித்தது. மூன்று கோல் விட்ட ஃபைனலிலும் ஜெயித்தது. ஒரே ஒரு கோல் விட்ட ஃபைனலில் தோற்றது. தடுப்பவர் எவ்வளவு தடுத்தாலும், முன்னால் யாராவது ஒருவர் அடித்தால்தான் அது வெற்றிக் கணக்கில் சேரும்.

கடைசி ஆட்டங்கள்

1966 இங்கிலாந்து உலகக் கோப்பை, போர்ச்சுகலுக்கு முதல் உலகக் கோப்பை. 33 வயது ஜெர்மானோவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம், பல்கேரியாவுக்கு எதிராக. அதில் போர்ச்சுகல் 3-0 என வென்றது. அவர் நின்ற பக்கம் கோல் விழவில்லை. அந்தத் தொடரில் அணி மூன்றாம் இடம் பிடித்தது. நாட்டுக்காக மொத்தம் 24 ஆட்டங்கள் ஆடிய ஜெர்மானோ, 2004-ல் காலமானார்.

அவருக்குப் பிறகு பென்ஃபிகா 1968, 1988, 1990 ஆண்டுகளிலும் ஐரோப்பிய கோப்பை ஃபைனலுக்கு வந்து தோற்றது. குட்மன் விட்ட சாபம் என்று ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த கிளப் இதுவரை வென்றிருக்கும் ஐரோப்பிய கோப்பை மொத்தமே இரண்டுதான். அந்த இரண்டு ஃபைனலிலும் பின்னால் காவல் நின்றவர் ஜெர்மானோ என்பதுதான் பலருக்கும் தெரியாது.