ஆகஸ்ட் வோல்மர்

ஆகஸ்ட் வோல்மர் (மார்ச் 7, 1876 – நவம்பர் 4, 1955) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த காவல்துறை அதிகாரியும் குற்றவியல் அறிஞரும் ஆவார். கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரக் காவல்துறைக்கு முதல் தலைவராக விளங்கினார். காவலர் தேர்வில் அறிவுத்திறன் சோதனையையும் உளமருத்துவ மதிப்பீட்டையும் புகுத்திய முன்னோடிகளுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கை

வோல்மர், செருமானியக் குடியேறிகளின் மகனாக நியூ ஓர்லியன்ஸ் நகரில் பிறந்தார். கல்லூரிக் கல்வி பெறவில்லை. 1898 இல் ஸ்பானிய-அமெரிக்கப் போரின்போது பிலிப்பீன்சில் படைவீரராகப் பணியாற்றினார். பின்னர் பெர்க்லியில் அஞ்சல்காரராக இருந்தார். 1905 இல் நகர மார்ஷலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1908 இல் காவலர் பயிற்சிப் பள்ளியொன்றைத் தொடங்கினார். 1909 இல் காவல்துறைத் தலைவரான இவர் 1932 இல் ஓய்வு பெற்றார்.

உளச் சோதனைகள்

காவல் பணிக்கு உடல்வலிமை மட்டும் போதாது, அறிவும் மனநிலையும் ஆராயப்படவேண்டும் என்பது வோல்மரின் கொள்கை. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன், 1916 இல் சான் ஹோசே நகரக் காவல், தீயணைப்புப் பணிகளுக்கு விண்ணப்பித்த 30 பேரைச் சோதித்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படையினருக்காக உருவாக்கப்பட்ட ஆல்பா அறிவுத்திறன் சோதனையை வோல்மர் பெர்க்லியில் பயன்படுத்தினார். காவலரைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி 1921 இல் ஆய்வுக் கட்டுரை ஒன்றும் வெளியிட்டார். 1923-24 இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைக்கு ஓராண்டு தலைமை ஏற்றபோது, ஏற்கெனவே பணியிலிருந்த காவலர்களுக்கும் இச்சோதனை நடத்தப்பட்டது. விக்கர்சாம் ஆணையம் 1931 இல் வெளியிட்ட காவல்துறை பற்றிய அறிக்கைக்கும் இவரே பொறுப்பாளர்.

பின்விளைவுகள்

வோல்மர் இச்சோதனைகளை நிருவாகம் தக்கவரைத் தெரிந்தெடுப்பதற்கான கருவியாகக் கண்டார். தம்மைப் பற்றிய பதிவுகளைக் காணக் காவலருக்குள்ள உரிமை, அவர் மறைந்து இரு பத்தாண்டுகளுக்குப் பின்னரே கலிபோர்னியச் சட்டத்தில் இடம்பெறத் தொடங்கியது. 1976 இல் இயற்றப்பட்ட காவலர் உரிமைச் சட்டத்தின்படி, பாதகமான குறிப்பொன்றைப் பணிக்கோப்பில் சேர்க்குமுன் அதைக் காவலர் படித்துக் கையொப்பமிட வாய்ப்பளிக்க வேண்டும். அவர் 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுமொழி தரலாம். பணிக்கோப்பைப் பார்வையிடவும் பிழை திருத்தக் கோரவும் உரிமை அளிக்கும் பிரிவு 2000 இல் சேர்க்கப்பட்டது.

எனினும், மாற்றுத்திறனாளிகள் தொடர்பான 1990 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, பணியாளரின் மருத்துவப் பதிவுகள் பணிக்கோப்பிலிருந்து பிரித்து மறைவாக வைக்கப்படவேண்டும். மருத்துவப் பரிசோதனையாகக் கருதப்படும் உளமதிப்பீடுகளும் இதில் அடங்கும். பிறர் கண்ணில் படாமல் காவலரைக் காக்கும் இவ்விதியினால், பணிக்கோப்பைக் காணும் உரிமை உளமதிப்பீட்டைக் காணும் உரிமையாகத் தானே விரிவதில்லை.

மறைவு

வோல்மர் இறுதிக்காலத்தில் பார்க்கின்சன் நோயால் துன்புற்றார். 1955 இல் பெர்க்லியில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.