சூடான மண்ணுக்கு மேல் உறைகுளிர்: கே.ஆர். ராமநாதன் வரைந்த வானம்

புனே: சிவாஜிநகரில் வானிலைத் துறைக் கட்டடம் அமைந்துள்ள சந்திப்பை உள்ளூர் மக்கள் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே அழைக்கின்றனர். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928ஆம் ஆண்டு சிம்லாவிலிருந்து புனேவுக்கு இடம்பெயர்ந்ததன் எச்சம் அந்தப் பெயர். அங்கு பணியாற்றிய இயற்பியலாளர்களுள் முதன்மையானவர் கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன். கோடையில் தகிக்கும் வெப்பமண்டலத்தின் உச்சி வானில்தான் காற்றுமண்டலத்தின் மிகக் கடுங்குளிர்ப் பகுதிகளுள் ஒன்று இருக்கிறது என்பதை ஒரே படத்தில் உலகுக்குக் காட்டியவர் அவர்.

பாலக்காட்டை அடுத்து, தமிழ்க் குடும்பங்கள் வாழும் கல்பாத்தியில் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பிறந்தார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். திருவனந்தபுரத்தில் சில ஆண்டுகள் கற்பித்த பின், 1921இல் கொல்கத்தா சென்று சி.வி. ராமனிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

1923இல் தூய நீரினூடே ஒளியைச் செலுத்தி ஆராய்ந்தபோது, சிதறிய ஒளியில் நிறம் மாறிய ஒரு மங்கலான பகுதி அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. நீரை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. மெல்லிய ஒளிர்வு என்று பெயரிட்டு அதனை அவர் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து அதன் உண்மைப் பொருளை ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்டறிந்தனர். அந்த நாள் 1928 பிப்ரவரி 28. ராமநாதனின் 35ஆவது பிறந்த நாள்! அப்போது அவர் ஒளியியலை விட்டு வானிலைத் துறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

தவறவிட்டவர் என்ற அளவில் மட்டும் அவரை நினைவுகூர்வது நியாயமாகாது. வானிலைத் துறையில் அவருக்குக் கிடைத்த புதிர் சிறியதன்று.

ஆக்ராவிலிருந்து அக்காலத்தில் பலூன்கள் பறக்கவிடப்பட்டன. வெப்பத்தையும் அழுத்தத்தையும் சிறிய உலோகத் தகட்டில் கீறிப் பதிவு செய்யும் எடை குறைந்த கருவி ஒன்று அவற்றில் தொங்கும். உயரத்தில் பலூன் வெடித்ததும் கருவி எங்கோ ஒரு வயலில் விழும். கண்டெடுத்துத் திருப்பி அனுப்புவோருக்குச் சன்மானம் உண்டு என்ற சீட்டு அதில் கட்டப்பட்டிருக்கும். வானத்தின் மேல்தளம் குறித்த அறிவு, பெயர் தெரியாத உழவர்களின் நேர்மையையும் நம்பியிருந்தது.

பட்டேவியாவிலும் ஆப்பிரிக்காவிலும் முன்னரே கிடைத்திருந்த அளவீடுகளை ஆக்ராவின் பதிவுகளுடன் சேர்த்து, துருவம் முதல் நிலநடுக்கோடு வரையிலான வெப்பநிலைப் படத்தை ராமநாதன் வரைந்தார். 1929இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளிவந்தது. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றிய தட்டையான வளையம்போல் உறைகுளிர்க் காற்று. அதன் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 80 டிகிரி செல்சியஸ் அளவில். அதே உயரத்தில் துருவப் பகுதியின் கோடைக்கால வானமோ அதைவிடச் சூடானது. பின்னர் புனே, ஐதராபாத் நகரங்களிலிருந்து அனுப்பப்பட்ட பலூன்களின் பதிவுகளையும் அவர் ஆராய்ந்தார்.

வெப்பம் தானாகக் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்குச் செல்லாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. அப்படியானால் கீழே கொதிக்கும் நிலத்தின் வெப்பம் மேலே சென்று அந்தக் குளிரை ஏன் போக்கவில்லை? விதி பொய்க்கவில்லை. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது. வெப்பம் மேலே செல்வது பெரும்பாலும் காற்றே எழுவதால்தான். எழும் காற்று, அழுத்தம் குறையக் குறைய விரிகிறது. விரிய வேண்டுமானால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும். அதற்கான செலவைத் தன் வெப்பத்திலிருந்தே கொடுக்கிறது. உலர்ந்த காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி குளிரும். நீராவி மேகமாகும்போது வெளிவரும் வெப்பத்தால் ஈரக்காற்றில் இந்த வீழ்ச்சி குறையும். துருவங்களில் இந்த ஏற்றம் 8 அல்லது 9 கிலோமீட்டரில் நின்றுவிடுகிறது. வெப்பமண்டலத்து இடிமேகங்களோ அதன் இரு மடங்கு உயரம் ஏறுகின்றன. ஏணி நீளமானதால் குளிரும் ஆழமாகிறது.

வெப்பத்திலிருந்து வேலை பெற வேண்டுமானால் அதை இறக்கிவைக்க ஒரு குளிர்ந்த இடமும் தேவை என்று பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824இல் காட்டினார். பருவமழையும் அத்தகைய எந்திரமே. சூடான கடலும் நிலமும் அதன் கொதிகலன். குளிர்ந்த மேல்வானம் அதன் குளிர்கலன்.

அப்போது துறையின் தலைவராக இருந்தவர் சர் சார்லஸ் நார்மண்ட். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுக்கும், செயல்களின் திசையைச் சொல்லும் என்ட்ரோப்பிக்கும் உள்ள தொடர்பை 1921லேயே ஆராய்ந்தவர். இந்த விதியின் சான்று புனேவைச் சுற்றியே கிடக்கிறது. மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்கு இப்பால் புனேவில் சுமார் 700. மலையேறிய காற்று நீரைக் கொட்டிவிட்டு, அதன் வெப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிறது. கொட்டிய நீர் அதே காற்றுக்குத் திரும்புவதில்லை.

ராமநாதன் பின்னர் ஓசோன் ஆய்வுக்குத் திரும்பினார். புனேவில் எடுத்த அளவீடுகள் அதில் முக்கிய இடம் பெற்றன. 1948இல் வானிலைத் துறையிலிருந்து ஓய்வுபெற்று, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1966 வரை அப்பொறுப்பில் நீடித்தார். 1961இல் சர்வதேச வானிலை அமைப்பின் பரிசும், 1976இல் பத்ம விபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பட்டன. 1984 டிசம்பர் 31 அன்று, 91ஆவது வயதில் காலமானார்.

அவர் காட்டிய குளிர் வளையத்தின் முழு முக்கியத்துவம் 1949இல் பிரிட்டன் அறிஞர் ஆலன் புரூவரின் ஆய்வில் தெளிவாயிற்று. அதைக் கடந்து மேலேறும் காற்றின் நீராவி அங்கேயே பனியாக உறைந்து உதிர்ந்துவிடுகிறது. பத்து லட்சம் பங்குக்குச் சில பங்கே மேலே தப்புகிறது. தடையின்றி ஏறினால் அந்த நீராவியைப் புறஊதாக் கதிர் உடைக்கும். இலேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிவிடும். அப்படிப் போனது திரும்பி வராது. கடல் நீர் விண்ணுக்குக் கசிந்து வற்றாமல் இருப்பதற்கு, 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் குளிரும் ஒரு காரணம்.